வாசல் கீர்த்தனை

செம்பூர்
11-3-1968

கர்த்தருக்குள் பிரியமான அக்கா ரத்தினபாய்க்கு, தம்பி மாசிலாமணி அநேக ஸ்தோத்திரங்களுடன் எழுதுவது.

நான் சுகம். நீயும் அத்தானும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். செம்பூருக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் கடலா கிடக்கிறது? நீ ஆராதனைக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. பெண்கள் பக்கம் உன் குரல் இல்லாமல் பாட்டு நொண்டுகிறது. அத்தானுக்குப் பயமென்றால் அவர் வீட்டிலிருக்கட்டும், உன்னையாவது அனுப்பட்டும்.

ஒரு புதுச் செய்தி. நாம் கூடுகிற முகைதீன் பாயின் தகரக் குடோன் வாசலில் மூன்று ஞாயிறாக நாலு பேர் வந்து நிற்கிறார்கள். நம் ஆட்கள் இல்லை. உள்ளே வருவதில்லை, பேசுவதும் இல்லை. நம்மில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராததால் நான் ஒவ்வொரு அடியாக உரக்கச் சொல்லிக் கொடுக்க, சபை பிடித்துக்கொண்டு பாடுமே, அதைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் காலால் தாளம் போடுகிறான். ஓரிடம் தப்பவில்லை! நேற்று அப்பா கட்டிய வாசல் கீர்த்தனையைப் பாடி முடித்ததும், "பிர்ஸே காவோ" என்றான். மறுபடி பாடச் சொல்கிறான்! பாடினோம். பிரசங்கத்தை இப்படி இன்னொரு தரம் கேட்டவர் உண்டா? பாட்டுதான் அக்கா, மனுஷனை உள்ளே இழுக்கும்.

உன் தம்பி
மாசிலாமணி


மாட்டுங்கா
14-3-1968

அன்புள்ள தம்பிக்கு, அக்காவின் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை வாசித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அத்தானுக்குப் பயமா என்கிறாய். ஆமாம், பயம்தான். எனக்கும்தான். போன வாரம் எங்கள் தெருக் காப்பிப்பொடிக் கடையின் தமிழ் போர்டில் தாரைப் பூசி, மதராசிகள் இந்த ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று கத்தி, கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனார்கள். அதற்கு முன்னால் மூன்று நாள் சில பேர் வந்து கடை முன் நின்றார்களாம். எதுவும் வாங்கவில்லை, எதுவும் பேசவில்லை. கடைக்காரரும் உன்னை மாதிரி, புது வாடிக்கை என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்.

உன் பச்சைச் சட்டைக்காரன் மறுபடி பாடு என்றானே, எதற்கு? கதவைச் சாத்திக்கொண்டு பாடு. மெல்லப் பாடு. ஆண்டவருக்கு நன்றாகவே காது கேட்கும்.

உன்னைத் தூக்கி வளர்த்த
அக்கா


செம்பூர்
25-3-1968

பிரியமான அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

நீ சொன்னதையே மூப்பர்களும் சொன்னார்கள். 17ஆம் தேதி கதவைச் சாத்திப் பார்த்தோம். தகரத்துக்குக் கீழே வெந்துபோனோம், இரண்டு பேருக்கு மயக்கம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் அடியை மெல்லச் சொன்னதால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. அத்தனை ஜனமும் என் வாயைப் பார்த்தபடி ஊமையாக உட்கார்ந்திருந்தது. என்னால் தாங்க முடியவில்லை, கதவைத் திறந்துவிட்டேன். நாலு பேரும் அங்கேதான் நின்றார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் என் வீட்டில் ஜெபம். நம் வழக்கம் உனக்குத் தெரியும்: வருகிறவர்கள் வெளியே நின்று "வாசலில் நிற்கிறேன்" என்று பல்லவியை எடுக்க, வீட்டுக்காரன் "திறந்தேன் சுவாமி" என்று அனுபல்லவி பாடிக்கொண்டே தாழ்ப்பாளை எடுக்க வேண்டும். எல்லாரும் வந்த பிறகு தெருவைப் பார்த்தால், எதிர்ப்பக்கம் பச்சைச் சட்டைக்காரன்! நம் பல்லவியைச் சீட்டியடிக்கிறான். வார்த்தை இல்லையே தவிர ராகம் சுத்தம். கைகாட்டிக் கூப்பிட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

வரும் புதன் நிச்சயம் வருவான். அவனுக்கென்று ஒரு நாற்காலி இரவல் கேட்டிருக்கிறேன். நீதான் வீணாகப் பயந்து சாகிறாய்.

மாசிலாமணி


மாட்டுங்கா
6-4-1968

என் தம்பிக்கு,

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிற உன்னிடம் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து ஏதேதோ கேட்டேன். இன்று காலையில் சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினேன். அதனால்தான் இது.

முகைதீன் பாய் எல்லாம் சொன்னார். அந்தப் புதன், சபையார் வருவதற்கு அரை மணி முன்னாலேயே உன் வாசலில் பல்லவி கேட்டதாம். நாலு பேர் வார்த்தையில்லாமல் முனகினார்களாம். நீ அனுபல்லவி பாடியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டதாம். "திறந்தேன்" என்பதோடு நின்றுவிட்டதாம்.

நேற்றுச் சாயங்காலம் அத்தான் வேலையிலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை. நான் தனியாக இருந்தேன். எங்கள் வாசலில் அதே பல்லவி. பெண் குரல்கள்தான். வார்த்தையெல்லாம் சரியாக இருந்தது. நம் சபை சண்முகவடிவின் கீச்சுக் குரல்கூடத் தனியாகத் தெரிந்தது. அவர்கள்தான் என்று தெரிந்தும் என் கை தாழ்ப்பாளுக்குப் போகவில்லை. அனுபல்லவி தொண்டை வரை வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

மூன்று தரம் பாடினார்கள். கொஞ்சம் காத்திருந்தார்கள். அப்புறம் படியிறங்குகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்துத் திறந்தால் வாசலில் ஆறு சாத்துக்குடி. எனக்கு ஆறுதல் சொல்ல அத்தனை தூரம் வந்தவர்கள். அப்பாவின் பாட்டுக்கு நான் கதவைத் திறக்கவில்லை, தம்பி. இது பாவமா? வாய்தான் இல்லை, எழுதுவதற்குக் கை இருக்கிறதே. சொல்.

அக்கா


ஆஸ்பத்திரி
14-4-1968

பிரியமான அக்கா,

பாவமில்லை.

இன்று ஈஸ்டர். ஆராதனை முடிந்து மூப்பர்கள் வந்தார்கள். குடோன் கதவைச் சாத்தி, பாட்டே இல்லாமல் ஜெபத்தோடு முடித்துக்கொண்டார்களாம். வாசல் கீர்த்தனையை இனி எடுப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறார்கள். என் சம்மதத்தைக் கேட்டார்கள். தலையாட்டினேன்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். முதல் அடி என்மேல் விழுகிற வரைக்கும் அந்தப் பச்சைச் சட்டைக்காரனின் கால் தாளம் தப்பவில்லை. கண்ணை மூடினால் அதுதான் கேட்கிறது.

அடுத்த மாதம் கம்பியை எடுத்துவிடுவார்களாம். எடுத்ததும் உன் வீட்டுக்குத்தான் வருவேன். வாசலில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். பாட்டுக் கேட்டால் திறக்காதே. அது என் குரலாகவே இருந்தாலும் திறக்காதே, அக்கா.

மாசிலாமணி