அப்பள வண்டிக் கூண்டுக்கு ரப்பர்

ஐப்பசி 4, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். பழனிக் கடையிலிருந்து அப்பளம் ஐந்து கட்டு திரும்பி வந்தது. நமுத்து, ஓரமெல்லாம் பூசணம். இது மூன்றாவது தடவை. எங்கள் வண்டி பழைய மிலிட்டரி பிக்கப். பின்னால் தகரக் கூண்டு, கழற்றி மாட்டுகிற மாதிரி. வியாழன்தோறும் உளுந்து மூட்டை ஏற்றக் கழற்றியாக வேண்டும். கூண்டு உட்காரும் இடுக்கில்தான் தண்ணீர் இறங்குகிறது என்றேன். வண்டி ஓட்டும் என் தம்பி செல்வம் ஒப்பவில்லை. "இடுக்கெல்லாம் சரியாத்தான் இருக்குக்கா. பேச்சியம்மாதான் அப்பளத்தச் சரியாக் காய வைக்கிறதில்ல."

பேச்சியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். எட்டு வருஷம் என்னோடு மாவு இடித்தவள். உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டுப் போனாள்.

வாங்க வேண்டியது: பிரண்டை, சீரகம், விளக்குத் திரி.

ஐப்பசி 5, செவ்வாய்

மனசு ஆறவில்லை. இடுக்கை அடைக்க என்ன ஒட்டலாம் என்று கேட்க ரப்பர் கடை பாயிடம் போனேன்.

கம்பளிப் பட்டை: இப்போது இருப்பது. தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது.
சைக்கிள் ட்யூப்: ஒரு கோடை தாங்காது. வெடித்துவிடும்.
பஸ் கதவு ரப்பர்: நடுவில் குழாய் மாதிரி ஓட்டை. அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும்.

பஸ் ரப்பர்தான். பாயே ஒட்டிக் கொடுத்தார். கூண்டை இரண்டு பேராகத் தூக்கித்தான் எடுக்க வேண்டுமாம், இழுக்கவே கூடாதாம். ஆறு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. செல்வத்துக்கு முகமே சரியில்லை.

சோற்றுக்கு வெஞ்சனம் கத்தரிக்காய். உப்புக் கூடிவிட்டது.

ஐப்பசி 7, வியாழன்

பல்வலி. கிராம்பு. கூண்டைத் தூக்கி எடுத்தோம், உளுந்து வந்தது, திரும்ப மாட்டினோம். ரப்பர் அப்படியே இருக்கிறது. பழனியிலிருந்து புகார் இல்லை.

ஐப்பசி 11, திங்கள்

நல்ல மழை. பழனிக்கு ஏற்றிய அப்பளம் தெருமுனை தாண்டுமுன் நனைந்துவிட்டது. இடப்பக்கம் ரப்பர் ஒரு சாண் கிழிந்திருக்கிறது. பாயிடம் சண்டை போடத்தான் போனேன். அவர் தடவிப் பார்த்தார். "இது மழையும் இல்ல, வெயிலும் இல்லம்மா. ஒத்த ஆளா நின்னு கூண்ட இழுத்துருக்காக." இடுக்கில் நகத்தை விட்டு எதையோ எடுத்துக் காட்டினார். தக்காளித் தோல், விதையோடு.

நாங்கள் தக்காளி ஏற்றியதே இல்லை. நேற்று ஞாயிறு. தாடிக்கொம்பு கோயிலுக்கு என்றுதான் செல்வம் வண்டியை எடுத்துப் போனான்.

கேட்டேன். முதலில் இல்லை என்றான். பிறகு ஒத்துக்கொண்டான். சித்திரையிலிருந்து ஞாயிறுதோறும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு வியாபாரிக்குத் தக்காளி ஓட்டுகிறானாம். ஒற்றையாளாகக் கழற்றி மாட்டுவதில் கூண்டு கோணலாக உட்கார்ந்து தண்ணீர் இறங்குவதும் தெரியுமாம். அப்படியென்றால் பேச்சியை ஏன் சொன்னாய் என்றேன். "யாரையாச்சும் சொல்லணும்லக்கா."

அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயசு. என் மடியில்தான் தூங்குவான். வண்டி வேண்டுமென்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே. சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஐப்பசி 12, செவ்வாய்

வெயில். பேச்சி வீட்டுக்குப் போனேன். வாசலில் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாம் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. ஆவணியிலேயே ஒரு ஞாயிறு, செல்வம் கூண்டை இழுத்துக் கழற்றியதைப் பார்த்திருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா நம்பிருப்பீகளாக்கா?"

செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். வேலைக்கு வா என்று கூப்பிடத்தான் போனது. கூப்பிடாமலே வந்துவிட்டேன்.