கடல் பக்கத்துச் சுவர்

திருவனந்தபுரம்
12.2.1999

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். இங்கே நடந்தது எதையும் மறைக்காமல் எழுதப்போகிறேன். நான் நலம். அம்மாவின் இருமல் நின்றதா?

சென்ற மாதம் வகுப்பில் அவரவர் வீட்டை வரையச் சொன்னார்கள். நம் வீட்டைக் கடல் பக்கம் ஜன்னலே இல்லாமல் வரைந்தேன். "கடலோரத்துல இருந்துட்டு கடலைப் பாக்க ஜன்னல் இல்லியோ? இதென்ன ஜெயிலா?" என்றார் லதிகா டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விடுமுறைக்கு என் அறைத்தோழி அனுஷா நம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்ததால்தான் அந்தச் சுவரை உடைத்து ஜன்னல் வைக்கச் சொல்லி எழுதினேன்.

நேற்று நூலகத்தில் அயர்லாந்து கடற்கரை வீடுகளைப் பற்றிய புத்தகம் பார்த்தேன். பாறைமேல் தனியாக ஒரு புது வீடு. உப்புக்காற்று அடிக்கும் பக்கத்தில் ஜன்னல் கிடையாது, தடித்த கல்சுவர்தான். முற்றம் மறுபக்கம். அப்படியே நம் வீடு! ஓடிப்போய் டீச்சரிடம் காட்டினேன்.

"எடீ பெல்சியா, இது ஆர்க்கிடெக்ட் ஆலோசிச்சு கட்டினது. உன் அப்பன் ஜன்னல் வாங்க வகையில்லாம கட்டினது. ரண்டும் ஒண்ணாகுமோ?" என்றார். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இன்று அம்மாவின் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நீங்களே சுவரை உடைத்து ஜன்னல் வைத்தீர்களாம். மகளுக்குப் பிடிக்குமென்று நீலப் பெயின்ட்கூட அடித்தீர்களாம்.

ஆனிக்காற்று வருமுன் அதை அடைத்துவிடுங்கள் அப்பா. அனுஷா வரமாட்டாளாம். என்னைக் கூட்டிப்போக மட்டும் சீக்கிரம் வாருங்கள், ராத்திரி பயணத்துக்கு ஒரு போர்வையும் கொண்டு வா—

விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள், இருட்டிலேயே முடிக்கிறேன்.

பெல்சியா