நான்கு வயது குறைந்த மாமா

இன்று ஒரு மனு வந்தது, நர்ஸம்மா. நம் மலையில் எடப்புளி நாட்டுக்காரர் ஒருவர் முதியோர் பென்ஷன் கேட்கிறார். வயது அறுபத்தெட்டாம்! காளப்பநாயக்கன்பட்டியில் என் அண்ணனோடு ஒரே வகுப்பில் படித்த ஆள். அண்ணன் இன்னும் ரிட்டையரே ஆகவில்லை. திட்ட வாயெடுத்தேன், உங்கள் நினைவு வந்து சிரித்துவிட்டேன்.

நீங்கள் முதன்முதலாக எங்கள் தாலுகா ஆபீஸுக்கு வந்தது ஏதோ சான்றிதழுக்காக. பிறந்த ஊர் என்னவென்று கேட்டேன். "ஊரில்லீங்க, கேம்ப்புங்க" என்றீர்கள். வெள்ளைக்கார அம்மா இப்படிப் பேசினால் நான் வாயைப் பிளக்காமல் என்ன செய்வேன்? நாமக்கல் டாக்டரைக் கட்டிக்கொண்டு வந்து, குண்டனி நாட்டில் நாற்பது வருஷம் ஊசி போட்டவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பிறகு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னீர்கள். போர் முடிந்தும் போக வீடில்லாத யூதர்களை ஜெர்மனியில் முகாம்களில் வைத்திருந்தார்கள். உங்கள் அப்பாவும் அம்மாவும் அங்கேதான் சந்தித்தார்கள், அங்கேயே கல்யாணம், அங்கேயே நீங்கள். முகாம் சுவரில் யார் யாரைத் தேடுகிறார்கள் என்று பட்டியல் ஒட்டுவார்களாம். அதில் தன் தம்பியின் பெயரைத் தேடி உங்கள் அம்மா தினமும் காலையில் போய் நிற்பாராம். சாகும்போது அந்த வேலையை உங்களிடம் ஒப்படைத்துவிட்டார்.

நீங்களும் காணாமல் போனவர்களைத் தேடித் தரும் அமைப்புகளுக்கு முப்பது வருஷமாகக் கடிதம் போட்டீர்கள். அந்தப் பெயரில் நூறு பேர் உண்டு, அந்த வயதில் யாருமில்லை என்றே பதில் வந்தது. அதைக் காட்டியபோது, என் வேலைப் புத்தி வாயைத் திறந்தது.

"ஏனுங்க நர்ஸம்மா, இங்க பென்ஷனுக்கு வயசைக் கூட்டிச் சொல்றாங்க. அங்க எதுக்காச்சும் கொறைச்சுச் சொல்லியிருப்பாங்களா?"

நீங்கள் அந்தப் பதில் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தீர்கள். பதினெட்டு வயதுக்குள் இருந்த அநாதைப் பிள்ளைகளைத்தான் முதலில் வெளிநாட்டுக்குக் கப்பலேற்றினார்களாம். "எங்க மாமாவுக்கு அப்பப் பத்தொம்பதுங்க" என்றீர்கள் மெதுவாக. அன்றைக்கே, வயதைப் பார்க்காமல் பெற்றோர் பெயரை வைத்துத் தேடும்படி எழுதிப் போட்டோம்.

கிடைத்தார்! பெற்றோர் பெயர், ஊர் எல்லாம் சரி. வயது மட்டும் பதினைந்து. அக்கா அந்த முகாமுக்கு வந்து சேருமுன்பே தம்பி கனடா போய்விட்டார். ஆள் இப்போது இல்லை, மகள் இருக்கிறார் என்று தகவல் வந்தது.

சிக்னலுக்காக ஆபீஸ் மேட்டில் நின்று வீடியோ கால் போட்டோம். உங்கள் ஜாடையில் ஒரு முகம் வந்தது. பெயர் ரிவ்கா என்றார். அது உங்கள் அம்மாவின் பெயர். நீங்கள் ஓவென்று அழுதீர்கள். உங்கள் வழக்கத்தில் செத்தவர்களின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பீர்களாம். அக்கா போய்விட்டாள் என்று நம்பி மகளுக்கு வைத்திருக்கிறார் மனுஷன். அந்த அக்காவோ உயிரோடிருந்து, கடைசிவரை அவரைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கும் தாங்கவில்லை.

அப்புறம் ரிவ்காவின் பிள்ளைகள் வந்தார்கள், பேரன் பேத்திகள் வந்தார்கள், ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள். ஆளாளுக்கு முண்டியடித்ததில் பாதிப் பேருக்குத் தலை தெரியவில்லை.

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது, நர்ஸம்மா. அழுகைக்கு நடுவே என் கையில் ஓங்கி ஓர் அடி வைத்து, ரோட்டில் போகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்க்க நீங்கள் போட்ட சத்தம் இன்னும் என்னோடு இருக்கிறது.

"எங்களைப் பூண்டோட அழிக்கப் பார்த்தாங்க கண்ணு. இப்பப் பாரு, போனுக்குள்ள அடங்க மாட்டேங்கறாங்க!"