தலைமாட்டில் பொட்டு ஒட்டிய கட்டில்

மதினி,

இன்று காலை எழுந்ததும் பால்கூடக் காய்ச்சவில்லை. முதல் வேலையாகப் பரணிலிருந்து அந்த மரப் பாலிஷ் டப்பாவை இறக்கினேன். உங்கள் வீட்டில் வைக்க இடமில்லை என்று எட்டு வருடங்களுக்கு முன்னால் என்னிடம் கொடுத்தது. மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பினேன். உள்ளே எல்லாம் கட்டி தட்டிப் போயிருந்தது. வாசனை மட்டும் அப்படியே இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் அண்ணன் போனில் பேசினார். "ஞாயித்துக்கெழம அந்த அவனியாபுரம் கடைக்காரரு வந்து கட்டில எடுத்துக்கிறேன்னாரு ஆத்தா. அது கெடக்குற ரூமுக்குள்ள என்னால போக முடியல." நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. அண்ணன் இன்னும் ஹாலில் பாய் விரித்துத்தான் படுக்கிறார். சரியண்ணே என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒத்தக்கடையில் வீடு கட்டி முடித்தபோது உங்களுக்குக் கை சுத்தமாகக் காலி. அண்ணனுக்கு இடுப்பு வலி, தரையில் படுத்து எழ முடியவில்லை. புதுக் கட்டிலை நினைத்துப் பார்க்க முடியாததால் நீங்களும் நானும் பஸ் ஏறி அவனியாபுரத்தில் பழைய சாமான் கடைக்குப் போனோம்.

"தேக்குக்கா இது. வித்தவுக துபாய் போயிட்டாக" என்றார் கடைக்காரர்.

"அந்த பீரோ?"

"அவுகளும் துபாய்தான்."

"ஏண்ணே, ஏர்போர்ட்டு பக்கத்துல இருக்குன்னு அம்புட்டுப் பேரும் கெளம்பிட்டாகளா? ஊருல ஒரு ஆளு மிச்சமில்லையா?" என்று கேட்டீர்கள். அவரே சிரித்துவிட்டார்.

நான்தான் உங்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "யாரு செத்த கட்டிலோ, வேணாம் மதினி." காலேஜ் முடித்தவள் சொன்ன பேச்சு.

"சாகுறது ஒரு நாளுதான ஆத்தா. மித்த நாளெல்லாம் தூங்கித்தான எந்திரிச்சிருப்பாக" என்றீர்கள். கட்டில் குட்டியானை வண்டியில் ஏறியது.

கொல்லையில் போட்டு, மூட்டைப்பூச்சிக்காக இடுக்கெல்லாம் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினோம். இரண்டு நாள் வெயிலில் காய்ந்த பிறகு, உடைந்த கண்ணாடித் துண்டால் நீங்கள் பழைய வார்னிஷைச் சுரண்டினீர்கள். கால் ஒன்றில் இருந்த ஓட்டையை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தீர்கள். நான் தலைமாட்டுப் பலகையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், வட்ட வட்டமாக. "என்ன ஆத்தா, சோத்துப்பானையா வெளக்குற? மரம் ஓடுன போக்குலயே தேய்க்கணும்" என்று நீங்கள் கையைப் பிடிப்பதற்குள் பலகை முழுக்க வளையம் வளையமாகக் கீறல். பாலிஷ் போட்ட பிறகும் அது போகவில்லை.

அந்தப் பலகையின் ஓரத்தில்தான் அழுக்குக்குள்ளிருந்து வரிசையாகப் பொட்டுகள் வந்தன. அரக்குச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டுகள். நான் உப்புத்தாளைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். "இவளும் நம்மளப் போல படுக்கையிலதான் பொட்டக் கழட்டிருக்கா." எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு ஒன்றை மட்டும் விட்டு, அதன் மேலேயே பாலிஷ் தடவினீர்கள்.

அந்தக் கட்டிலில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. வரும்போதெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிதான். அது உங்களுக்குத் தெரியும். "அத்தைக்கு நாக்காலிய எடுத்துப் போடுங்கடி, கட்டிலு கடிச்சிப்புடும்" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பீர்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

கடைசி வாரம், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். குரல் இறங்கிப்போயிருந்தது. பக்கத்தில் மெத்தையைத் தட்டி, "இங்கிட்டு வந்து உக்காரேன்" என்றீர்கள். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். நீங்கள் கையைக் கொண்டுவந்து நாற்காலியின் கையில் வைத்துக்கொண்டீர்கள்.

போன வாரம் உங்கள் சேலைகளை எடுத்து அடுக்க அந்த அறைக்குள் போனேன். பாலிஷுக்கு அடியில் அந்தப் பழைய பொட்டு அப்படியே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் உங்களுடையவை. பெரிதாகத் தொடங்கி, வரவரச் சின்னதாகி, கடைசியில் மிளகளவு.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் இதை எடுத்துப்போனால், அடுத்து வந்து கேட்பவளிடம் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் துபாய் போய்விட்டதாகச் சொல்வார். ஏர்போர்ட் வாசலைக்கூட மிதிக்காத உங்களை.

ஞாயிறு விடிந்ததும், அவருக்கு முன்னால் குட்டியானையோடு நான் அங்கே போய் நிற்பேன். என் அறையில் ஜன்னலோரமாக இடம் அளந்து வைத்துவிட்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. புது பாலிஷ் வாங்கி மரத்தின் போக்கிலேயே தேய்த்துப் பூசுவேன், பொட்டுகளைத் தொடாமல். ஆனால் வண்டியில் ஏற்றுவதற்கு முன், உங்கள் அறையிலேயே, நீங்கள் தட்டிக் காட்டிய அந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.