வசன சுத்தி

ஜூன் 9, ஞாயிறு

கோயில் பாடசாலையில் இன்று சேர்ந்தாயிற்று. கடைசி பெஞ்சு எனக்கும் சுநந்தாவுக்கும். முன்னால் இருப்பதெல்லாம் எட்டு வயது, பத்து வயது. "நாங்க ரெண்டு பேரும் ஃபெயிலாகி ஃபெயிலாகி இங்கேயே நரச்சுட்டோம்" என்றேன். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். நிருபமா டீச்சரும்தான். கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாடம் எடுக்கிறாள். ஸ்லைடு டீச்சர் என்று பேர் வைத்துவிட்டேன். சுவரில் படம் ஓடாவிட்டால் அவளுக்குப் பேச்சு வராது.

அடுத்த மாதம் எங்கள் ஜைன முனி, சாமி ஒருவர் வருகிறார், மழைக்கால விரதத்துக்கு நான்கு மாதம் தங்குவார். ஒரு நாளைக்கு ஒரே வேளை, நின்றபடி, உள்ளங்கையில் வாங்கித்தான் சாப்பாடு. அந்த ஆகாரத்தை நாம் கொடுக்க வேண்டுமானால் பாடம் படித்து ஒப்பிக்க வேண்டும். ஆறு மாதமாக வெங்காயம், பூண்டு நுழையாத வீடாகவும் இருக்க வேண்டும். கமிட்டி சட்டம். வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் வாத்தியார் எல்லாம் சொல்லிவிடுவார், நாங்கள் கைகூப்பி நிற்போம். இங்கே பெங்களூரில் அவரவர் வாயால் சொல்ல வேண்டுமாம். நாலாவதோடு நின்ற வாய் இது.

ஜூன் 16, ஞாயிறு

வகுப்பு முடிந்து சிவாஜிநகர் வரை இரண்டு பேருக்கும் ஒரே பஸ். அங்கிருந்து அவள் லிங்கராஜபுரம், நான் அடுகோடி. சாமி வாசலில் நின்றதும் அவரை மூன்று சுற்று வந்து சொல்ல வேண்டியது இது: மன சுத்தி, வசன சுத்தி, காய சுத்தி, ஆகார ஜல சுத்தி. என் மனசு சுத்தம், பேச்சு சுத்தம், உடம்பு சுத்தம், சோறும் தண்ணீரும் சுத்தம். எனக்கு வரிசை மாறிக்கொண்டே இருந்தது.

"நெஞ்சத் தொடு, மனசு. உதட்டத் தொடு, வசனம். தோளத் தொடு, காயம்" என்றாள் சுநந்தா.

"கையில சொம்பு இருக்குமேடி, எதால தொடறது?"

"நெனப்பால தொடு. உனக்கு உதட்டத் தொட்டாப் பத்தாது, தைக்கணும்."

கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். அப்புறம் அவளே மெதுவாக ஒன்று சொன்னாள். மருமகள் ஜூடித்துக்கு நான்காவது மாதம், மசக்கை. எதுவும் இறங்கவில்லை, வெங்காயம் வதக்கிப் போட்டால் மட்டும் இரண்டு வாய் சாப்பிடுகிறாள். அந்தப் பெண் கல்யாணமாகி வந்ததிலிருந்து வீட்டுக்குள் வெங்காயம் கொண்டு வந்ததில்லை. சுநந்தாவே போய் வாங்கி அரிசி டின்னில் ஒளித்து வைத்திருக்கிறாள். "நானே நறுக்கித் தரேன், அழுகையா வருது. வெங்காயத்தாலயா என்னன்னு தெரியல."

சுநந்தாவின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். சாமி கையில் ஒரு கவளமாவது வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனவர். அவருக்காகத்தான் இவள் படிக்கிறாள்.

ஜூன் 20

பிழைப்புக்குப் பதினெட்டு டிபன் டப்பா சமைத்து அனுப்பியாயிற்று. பாத்திரம் கழுவும்போதும் நெஞ்சு, உதடு, தோள். "கொசு கடிக்குதா?" என்கிறார் வீட்டுக்காரர்.

ஜூன் 30, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

இன்று ஒப்பித்தல். சுநந்தா தண்ணீர் போல ஒப்பித்தாள். முதல் இடம். அடுத்து நான். காய சுத்தி என்றால் என்ன என்று டீச்சர் கேட்டாள். உடம்பு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். தெரிந்த பதில்தானே?

"வெங்காயத்த சுத்தமாத் தொடைக்கிறது டீச்சர். சுநந்தா வீட்டு அரிசி டின்னுல இருக்கே, அத முதல்ல தொடைக்கணும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன், வேறு எதற்கும் இல்லை. கதவருகே காரியதரிசி தரணேந்திரய்யா நின்றிருந்ததைப் பார்க்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. "ஏனம்மா, நிஜமா?" என்று தன் கன்னடத் தமிழில் சுநந்தாவைக் கேட்டார்.

அவள் ஆமாம் என்றாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வராது.

பஸ்ஸில் என்னோடு ஏறவில்லை.

ஜூலை 3

ஆகாரம் கொடுக்கிறவர்கள் பட்டியலில் சுநந்தா பெயரை அடித்துவிட்டார்கள். ஜூடித் போன் செய்தாள். "ரெண்டு நாளா அத்த சாப்பிடல ஆன்ட்டி. என்னாலதானே? நீங்க போய் கமிட்டில ஒரு வார்த்த சொல்லுங்க." உங்களால்தான் என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஜூலை 5, வெள்ளி

தரணேந்திரய்யாவைப் பார்த்தேன். "சார், அது தமாஷு."

"தமாஷா? சரி. டின்னுல ஈருள்ளி, வெங்காயம், இருந்ததா, இல்லியா? அதொண்ணு சொல்லும்மா."

"மாசமா இருக்கற பொண்ணுக்கு சார். வயித்துல எதுவும் தங்கல."

"யாருக்காவது இருக்கட்டும். இருந்தா இருந்ததுதான். வீடு சுத்தமா இருக்கணும்."

வெங்காயம் வாங்கிய கைக்குத் தண்டனை, ஊருக்குச் சொன்ன வாய்க்கு ஒன்றும் இல்லை. சட்டத்தில் அது இல்லையாம். எழுந்தபோது சொன்னார்: "இருபத்தெட்டாம் தேதி அவங்க நாள். காலியா இருக்கு. உங்க வீட்டுக்கே போட்டுடறேன்."

வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் முந்துகிற வாய், அதற்கு மட்டும் வரவில்லை. உள்ளுக்குள் ஆசை. எழுதுகிற இடத்தில் என்ன பொய்?

ஜூலை 14, ஞாயிறு

லிங்கராஜபுரம் போனேன். ஜூடித் கதவைத் திறந்தாள். "அத்த தூங்கறாங்க ஆன்ட்டி." உள்ளே அரிவாள்மனைச் சத்தம் கேட்டது. நின்றது.

ஜூலை 28, ஞாயிறு

நான்கு மணிக்குக் குளித்து, மடிச்சேலை. கோயில் கிணற்றில் நீர் இறைத்துத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய உயிர்களைத் திரும்பக் கிணற்றிலேயே விட்டு, கோயில் எதிரே உள்ள சத்திரத்தில் சமைத்தோம். எறும்புக்குக்கூட நோகக் கூடாது. பத்து மணிக்குச் சாமி வந்தார், ஆகாரத்துக்கு வரும் அடையாளமாக வலது கை தோளில். கலசத்தோடு நானும் வீட்டுக்காரரும் நின்று அழைத்தோம். என் முன்னால் வந்து நின்றார்.

மூன்று சுற்று வந்தோம். வீட்டுக்காரர் எதிலும் பின்பாட்டுதான், நான் எடுத்தால் சேர்ந்துகொள்வார். மன சுத்தி என்றேன். நினைப்பு உதட்டுக்குப் போனது. நின்றுவிட்டது.

"வசன சுத்தி அக்கா, வசன சுத்தி" என்று பக்கத்தில் நிருபமா எடுத்துக் கொடுத்தாள். எனக்கா தெரியாது? என் பேச்சு சுத்தம் என்று அந்த மனுஷர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற வார்த்தை.

சாமி காத்திருந்தார். கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. தோளிலிருந்து கையை இறக்கினார், திரும்பிக் கோயிலுக்குப் போனார். கை இறங்கினால் அன்றைக்குச் சோறில்லை, தண்ணீரும் இல்லை. நாளைக் காலை வரைக்கும்.

என்னால ஒரு சாமி பட்டினி. அடுப்புல சோறு அப்படியே இருக்கு.

ஜூலை 29

"படிக்காதவ, பயத்துல மறந்துட்டா" என்று கமிட்டியில் பேச்சாம். பேசட்டும். வசதியாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வகுப்புக்குப் போவதில்லை. சாமான் வாங்க சிவாஜிநகர் போனேன். திரும்பும்போது சுநந்தா ஏறுவதைப் பார்த்து, வேண்டுமென்றேதான் லிங்கராஜபுரம் பஸ்ஸில் ஏறினேன். அவள் ஜன்னல் ஓரம். மடியில் வலைப்பை, இரண்டு கிலோ வெங்காயம், ஊருக்கே தெரிகிற மாதிரி. பக்கத்து சீட்டு காலி.

"என்னடி, டின்னு நெறஞ்சு போச்சா?" வாய்க்குள் வந்துவிட்டது. விழுங்கினேன். வெறும் "சுநந்தா" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மடியில் இருந்த பையை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு லிங்கராஜபுரம் வரை நின்றேன்.