சொந்த விருப்பம்

ஐப்பசி, வியாழன்.

கோவளத்து வீட்டைக் கடல் கொண்டுபோனபின் முடிச்சூரில் வாடகைக்கு இருக்கிறோம். ரேஷன் கார்டில் விலாசம் மாற்ற இன்று தாம்பரம் தாலுகா ஆபீசுக்குப் போனேன். ஏன் இடம் மாறினீர்கள் என்று படிவத்தில் ஒரு கேள்வி.

"கடல் வூட்ட இஸ்துகினு போயிடுச்சு சார்" என்றேன்.

"அதுக்குக் கட்டம் இல்லம்மா. கல்யாணம், வேலை, சொந்த விருப்பம், அவ்ளோதான்." கடைசிக் கட்டத்தில் அந்த அதிகாரியே டிக் போட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். விரும்பி வந்தவர்களுக்கு மாற்று வீடு கிடையாதாம். வெளியே வந்தபின் ஒரு அக்கா சொன்னார்.

கோவளத்தில் காற்று பலமாக அடித்தால் என் வீட்டுக்காரர் படகை வாசல்வரை இழுத்துவந்து வீட்டுத் தூணில் கட்டுவார். பிள்ளைகளுக்கு அன்று படகுக்குள்தான் சாப்பாடு. என்ன சிரிப்பு!

"இன்னா எழுதிக் குட்த்த?" என்று வீடு திரும்பியதும் இவர் கேட்டார். விலாசம் என்றேன்.

தூண் சாய்ந்த அன்றும் கயிற்றை விடாமல் நின்ற மனுஷன். அவரிடம் எப்படிச் சொல்வேன், விரும்பித்தான் வந்தோம் என்று?