புதன்கிழமை டூட்டி

மார்ச் 4, புதன்
இன்றும் ஆறு டிரைவர்கள் வரவில்லை. விடிந்ததிலிருந்து போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. கெஞ்சி, அதட்டி, தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பி வரவழைத்து, ஒருவழியாக எல்லா பஸ்ஸும் கிளம்பின. ஒன்பதாம் நம்பர் மட்டும் நாற்பது நிமிடம் லேட். பன்னிரண்டு வருடம் கண்டக்டராக இருந்தபோதுகூட நான் இவ்வளவு கத்தியதில்லை. டூட்டி போடும் நாற்காலிக்கு வந்த எட்டே மாதத்தில் தொண்டை போய்விட்டது.

மார்ச் 5
புதிதாக வந்திருக்கும் மேனேஜர் அம்மா கூப்பிட்டார். "நேத்து நல்லா சமாளிச்சீங்க." பூரித்துப்போனேன். "சரி, அடுத்த மாசம் சமாளிக்கவே வேண்டாத மாதிரி இருக்கணும்னா என்ன செய்யணும்?"
மூன்று மாதத்துக்குத் திட்டம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 9
நான்கு கலரில் கட்டம் போட்டுக் கொண்டுபோனேன். "அழகா இருக்கு. இதுல ஆறு பேர் வரலன்னா?" என்றார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "அப்ப இது ஆசை, திட்டம் இல்ல. ஏன் வரலன்னு முதல்ல பாருங்க."
வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று அழுதேன். என் வீட்டுக்காரர், "வெங்காயம் உரிக்கிறது நான், அழறது நீயா?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 10
அந்த அம்மா சொன்னது சரிதான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 16
ஆறு மாத வருகைப் பதிவேட்டை எடுத்து, யார், என்றைக்கு என்று ஒவ்வொன்றாகக் குறித்தேன். மாலை டூட்டி முடித்தவருக்கு மறுநாளே விடியற்காலை டூட்டி போட்டிருக்கிறேன். வராமல் என்ன செய்வார்? போட்டது நான்தானே!
அப்புறம் டிரைவர் மௌனசாமி. வாயே திறக்காததால் டிப்போ வைத்த பெயர். சொல்லாமல் லீவு போடுகிறார் என்று வேலையை விட்டு நீக்கும் கடிதம் தயாராகிவிட்டது, இந்த மாதக் கடைசியில் போகப்போகிறது. பதினேழு லீவு. அதில் பதினான்கு புதன்கிழமை. குடிக்கிறார் என்று எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். புதன்கிழமை மட்டும் எவன் குடிப்பான்?

மார்ச் 17
மௌனசாமியிடமே கேட்டுவிட்டேன். தரையைப் பார்த்தபடியே சொன்னார். மனைவிக்குப் பக்கவாதமாம். புதன்தோறும் ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி. தூக்கி உட்கார வைக்க வேறு ஆள் இல்லை.
"ஏன் சொல்லலை?"
"உங்களுக்கு முன்னாடி டூட்டி போட்டவர்கிட்ட சொன்னேன் மேடம். 'பஸ் ஓட்ட வந்தியா, குடும்பம் ஓட்ட வந்தியா'ன்னார்."
எட்டு மாசமா பக்கத்துலயே உக்காந்திருக்கேனே, நானாவது கேட்டேனா?

மார்ச் 23
ஒவ்வொரு டிரைவரிடமும் ஒரே கேள்வி: "எந்த நேரம் உங்களால முடியவே முடியாது?" சிலர் சந்தேகமாகப் பார்த்தார்கள். அப்புறம் சொன்னார்கள். வயதான அப்பா, மாலைக் கல்லூரி, ஸ்கூல் விடும் நேரம்.

மார்ச் 30
இந்த முறை கலர் இல்லை. யாருக்கு எது முடியாது, ஆள் வராவிட்டால் அன்று யார் மாற்று, எந்த பஸ்ஸை முதலில் அனுப்புவது. எல்லாம் ஒரே தாளில். மேனேஜர் அம்மா இரண்டு முறை படித்தார். மௌனசாமியின் கடிதத்தை எடுத்து, நாலாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

ஏப்ரல் 6
புது சார்ட்டின் முதல் நாளே ரகளை. மூத்த டிரைவர் மீசைக்காரர் ஓய்வறையில் நின்று கத்தினார். "இருபது வருஷமா ஞாயிறு எனக்கு லீவு. மாத்தறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"
கேட்கவில்லை. நான் எல்லோரிடமும் கேட்ட வாரம் அவர் ஊரில் இல்லை. வந்ததும் கேட்டிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். "என் தப்பு அண்ணே" என்றேன், அத்தனை பேர் முன்னாலும்.
மூலையிலிருந்து ஒரு குரல். "எனக்கு விழுந்த ஞாயித்துக்கிழமைய எடுத்துக்கங்க அண்ணே. எனக்குப் புதன் போதும்."
மௌனசாமி! மீசைக்காரர் குரலைத் தணித்து, "மாசத்துல ரெண்டு போதும்யா, ரெண்டு நீ வச்சுக்க" என்றார்.

மே 13
காலையில் போன் ஒரே முறைதான் அடித்தது. வீட்டிலிருந்து இவர். "வண்டிச் சாவி எங்க?"

ஆகஸ்ட் 20
மௌனசாமி வந்து நின்றார். "இனிமே எனக்குப் புதன் லீவு வேண்டாம் மேடம்."
எனக்கு உயிரே போய்விட்டது. "அவங்க..?"
"நடக்கறா." முகமெல்லாம் சிரிப்பு. "கைத்தடியோட. நான் கூட வந்தா கையப் பிடிச்சு இழுக்கறேனாம். தனியா பஸ்ல போயிக்கிறேன்னு ஒரே பிடிவாதம்." கழுத்தைத் தடவிக்கொண்டார். "புதன் காலைல ஒன்பதாம் நம்பர் எனக்குப் போட முடியுமா? எங்க தெரு வழியா ஆஸ்பத்திரிக்குப் போறது அதுதான்."
அடுத்த மாதச் சார்ட்டில் போட்டுவிட்டேன். போட்ட பிறகு யோசித்து, ஒன்பதாம் நம்பருக்கு ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இரண்டு நிமிடம் கூட்டி எழுதினேன். புதன் மட்டுமில்லை, எல்லா நாளும். கைத்தடியோடு இறங்குகிறவர் அவர் மனைவி ஒருத்திதானா என்ன?